பேசாத படத்துக்கு முகவீணை



தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் ‘கீசக வதம்’ என்பதைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். 1910களின் பிற்பகுதியில், சென்னை புரசைவாக்கத்தில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த ஊமைப்படம். பிரதி இன்று இல்லை. ஆனால் அதே கீசகனை நம் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்கள் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடியப் பார்க்கின்றன. படம் போய்விட்டது, கூத்து நிற்கிறது.

இத்தாலியில் போர்டனோனே என்றொரு ஊர். மக்கள்தொகையில் திருவண்ணாமலையில் பாதிகூடத் தேறாது. 1982 முதல் அங்கே ஊமைப்படங்களுக்கென்றே விழா நடக்கிறது. திரைக்குக் கீழே உட்கார்ந்து பியானோ வாசிப்பார்கள். சில இரவுகளில் முழு இசைக்குழுவே வரும். 1994இல் நம் நாட்டு ஊமைப்படங்களை அங்கே வரிசையாகத் திரையிட்டார்கள். நமக்கும் இது புதிதல்ல. அந்தக் காலத்துக் கூடாரக் கொட்டகைகளில் ஆர்மோனியமும் தபேலாவும் இருந்தன. எழுத்துப் பலகை வந்ததும் உரக்கப் படித்து, கதையையும் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். படத்தைவிட அவருக்காகவே வந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அப்படியொரு வார இறுதி விழாவை நம் ஊரில் நடத்தினால் என்ன? கலை இலக்கிய இரவுகளுக்கு விடியும்வரை உட்கார்ந்து பழகிய ஊர் இது. வாசிக்க வெளியிலிருந்து ஆள் தேட வேண்டாம். செய்யாறு பக்கம் புரிசை இருக்கிறது. கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் ஊர். பிரெக்டையும் மார்க்வெஸையும் கூத்தாக்கிய குழுவுக்கு ஊமைப்படம் பெரிய காரியமல்ல. கூத்தில் பின்பாட்டுக்காரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மிருதங்கக்காரரின் கண் தன் கையில் இருக்காது. ஆடுபவரின் காலில் இருக்கும். கிறுகிறுவென்று அவர் சுற்றி நிற்கும் இடத்தில் அடி சரியாக விழும். நாகசுரத்தின் குட்டித் தம்பியான முகவீணை அதற்கு மேல் கீச்சென்று ஏறும். ஊமைப்படத்துக்கு வாசிப்பவருக்கும் இதே வித்தைதான் வேண்டும். படம் விளக்கிச் சொல்ல, கூத்தின் கதைசொல்லியான கட்டியங்காரனைவிடத் தோதான ஆளும் கிடையாது.

எதைத் திரையிடுவது என்பதுதான் சிக்கல். சென்னையில் எடுத்த ஊமைப்படங்கள் நூற்றுக்கும் மேல். தென்னிந்தியாவில் மிஞ்சியதோ நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) ஒன்றுதான். அதையும் காப்பாற்றியது ஒரு வழக்கு! படத்துக்கு மூலமான நாவலின் உரிமை எங்களுடையது என்று பதிப்பகத்தார் நீதிமன்றம் போக, படம் முடங்கியது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்திருக்க வேண்டிய பிரதி அவர்களிடமே தூங்கி, 1970களில் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் இரவுக்கு அது போதும். மறுநாளுக்கு பால்கேயும் சாப்ளினும் இருக்கிறார்கள்.

ஆசைப்படும் நண்பர்கள் எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம். ஒரே ஒரு நிபந்தனை: மைக் செட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டக் கூடாது. நம்மூரில் நிதி திரட்டுவதைவிட அதுதான் கஷ்டம்.

அன்புடன்,
ஆசிரியர்