தீவுத் தோப்பும் ஊடுபயிர் வரைபடமும்

தென்னையினூடே பிற பயிர்களைச் சாகுபடி செய்தல் நலம் என்பதை இன்று மறுப்பார் இலர். காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் 1970ஆம் ஆண்டுகளில் தென்னை, மிளகு, கொக்கோ, அன்னாசி ஆகியவற்றை ஒரே நிலத்தில் அடுக்கடுக்காக வளர்த்துக் காட்டினர். அதுமுதல் அவ்வரைபடம் பாடநூல்களிலும் ஏறிவிட்டது. தெற்கு அந்தமானில், புரோத்ராபூரைச் சூழ்ந்த சரிவுகளில் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான தோப்பை நம்பி வாழும் விவசாயிக்கு அதனை அவ்வாறே கையளித்தல் தகுமா? தகாது என்பது எமது அபிப்பிராயம்.

வரைபடத்தின் கணக்கில் பிழையில்லை. ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்ட ஒரு மரத்திற்கு 56 சதுர மீட்டர் நிலம் உண்டு. அதன் உயிர்ப்புள்ள வேர்களிற் பெரும்பாலானவை அடிமரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள், அதாவது 13 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. எஞ்சியது முக்காற்பங்குக்கும் மேல். ஆயினும், தீவின் பழைய தோப்புகள் பலவற்றில் மரங்கள் நூல் பிடித்து நடப்பட்டவையல்ல. ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் நிற்கும். இல்லாத சதுரங்களைத் தாளில் வரைவதால் யாது பயன்? முதற்கண் மரங்களை உள்ளவாறே கட்டத்தாளில் குறித்தல் வேண்டும். பள்ளி மாணவர்க்கு இதனினும் நல்ல அளவைப் பயிற்சி வேறில்லை.

அடுத்து, மரத்தின் வயது. எட்டாண்டு முதல் இருபத்தைந்தாண்டு வரை ஓலைகள் கூடி, வெயிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தரையை எட்டுகிறது. அக்காலத்தில் சேம்பு, சேனை போன்ற நிழல் பொறுக்கும் கிழங்குகளோடு நிற்பதே விவேகம். மிளகுக் கொடியைப் படரவிடுதலும் மரவகைப் பயிர்களும், தோப்பு முதிர்ந்து ஒளி மீண்டும் இறங்கும் பருவத்துக்குரியவை.

எல்லாவற்றினும் மேலாக ஆராயத்தக்கது நீர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவில் நீர்ப்பஞ்சமா என்று தலைநிலத்தார் வியப்பர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கு மழை மிகக் குறைவு. மேட்டு நிலத்து ஓடைகள் வற்றிவிடும். கொக்கோவும் சாதிக்காயும் வாடுவது அப்பருவத்திலேதான். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் சிப்பிகாட் முதலிய தாழ்நிலங்களில் உப்புநீர் புகுந்ததையும் மறத்தற்கில்லை; அத்தகைய ஓரங்களில் கிணற்றுநீரைச் சோதித்த பின்னரே வாழையைப் பற்றிப் பேசுதல் வேண்டும். ஆதலின், நடவு தொடங்கும் மே, ஜூன் மாதங்களிலன்றி, மார்ச் மாதத்து நண்பகலில் கள ஊழியர் தோப்பை நடந்து பார்ப்பாராக. அப்போது எத்தனை குடம் நீர் கிடைக்கிறதோ அத்தனை கன்றுகளே அத்தோப்பு தாங்கும். தேங்காய் உரிமட்டைகளைக் குழிகளில் புதைத்தல், வேலியிலுள்ள கிளைரிசிடியாத் தழையை மூடாக்காக இடுதல் ஆகியவை அத்தொகையைச் சிறிது உயர்த்தும்.

சரிவில் இஞ்சியும் மரவள்ளியும் பயிரிடுவோர் அறுவடையின்போது நிலத்தைக் கிளறுகின்றனர். கிளறிய மண்ணை அடுத்து வரும் பெருமழை கொண்டுபோய்விடும். அன்னாசியைச் சம உயரக் கோட்டில் இரட்டை வரிசையாக நட்டால் மண் தங்கும்.

காராச்சர்மாவில், 1978இல் நிறுவப்பட்டு இன்று மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் பெற்றுள்ள நிலையம் இருத்தலால், தீவுக்குரிய ஆலோசனையைக் கேட்டறிதல் அரிதன்று. ஆனால் நிலையத்தார் அறிய இயலாத ஒன்றைத் தோப்புக்காரரிடமே கேட்டாக வேண்டும்: முதிய மரங்களை எந்த ஆண்டில் வெட்டுவதாக எண்ணம்? பத்தாண்டுக்குள் என்று அவர் கூறுவாராயின், அவற்றின் கீழ்ச் சாதிக்காய்க் கன்று வேண்டாம். விழும் மரம் காய்ப்புக்கு வந்த செடியை நசுக்கிவிடும்.