கடுகுக்கெல்லாம் ரசீது போடாதீர்கள்

போன வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பையன், என் மருமகன், லேப்டாப்பை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். என்னடா என்று கேட்டேன்.

"புரோகிராம் சும்மா ஓடினா நாலு நிமிஷம் மாமா. எது நேரத்தைத் தின்னுதுன்னு பார்க்க புரொஃபைலர் போட்டு ஓட்டினா முக்கால் மணி நேரம் ஆகுது."

"எல்லா ரொட்டீனுக்குமா போட்டிருக்கே?"

"ஆமா மாமா. எதையாவது விட்டா ரிப்போர்ட் முழுமையா இருக்காதுன்னு டீம் லீட் சொல்றார்."

அந்த டீம் லீடை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொன்ன அதே வசனத்தை சுமார் முப்பது வருடங்களுக்கு முன் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

கணினித் துறையில் இல்லாத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு மென்பொருள் என்பது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிறு வேலைகளின் தொகுப்பு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரொட்டீன். எது மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு ரொட்டீனின் வாசலிலும் ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வைப்பார்கள். உள்ளே போகும்போது மணி பார்த்து எழுதுவார், வெளியே வரும்போதும் எழுதுவார். இதற்குப் பெயர் இன்ஸ்ட்ருமென்டேஷன்.

கல்யாண சமையல்கட்டில் இப்படி ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். சாம்பார் அண்டாவை அடுப்பில் ஏற்றிய நேரம், இறக்கிய நேரம் என்று எழுதினால் யாருக்கும் தொந்தரவு இல்லை. தாளிக்கும்போது ஒவ்வொரு கடுகுக்கும் ரசீது போட ஆரம்பித்தால்? பந்தி நடக்காது. அது மட்டுமில்லை, சாயங்காலம் கணக்கைக் கூட்டினால் சமையலில் அதிக நேரம் பிடித்தது கடுகு என்று வரும்! தாமதம் ரசீதினால் வந்தது என்று அந்தக் கணக்கில் எங்கேயும் இருக்காது.

எண்களிலேயே பார்க்கலாம். 60 விநாடி ஓடும் ஒரு புரோகிராம். அதில் ஒரு குட்டி ரொட்டீன் 100 கோடி முறை ஓடுகிறது; ஒவ்வொரு முறையும் 5 நானோ விநாடி, மொத்தம் 5 விநாடி. அதாவது எட்டு சதவீதம். இப்போது உள்ளே போக 50, வெளியே வர 50 நானோ விநாடி என்று கணக்கெழுதும் செலவு சேர்கிறது என்று வையுங்கள். 60 விநாடி 160 ஆகிவிடும். கூடிய 100 விநாடியில் பாதி அந்த ரொட்டீன் தலையிலும், மீதி அதைக் கூப்பிட்டதன் தலையிலும் விழுந்தால், எட்டு சதவீத ஆசாமி 34 சதவீத ஆசாமியாக ரிப்போர்ட்டில் முதலிடத்தில் வந்து நிற்பான். எங்கே வலிக்கிறது என்று பார்க்க வந்த வைத்தியர் கை வைத்து அழுத்திய இடமெல்லாம் வலிக்கிறது என்று எழுதிய கதை.

என் கதைக்கு வருகிறேன். அப்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு ராத்திரி வேலை, விடிவதற்குள் முடியாமல் படுத்திக்கொண்டிருந்தது. நான்தான் குழுத் தலைவர். எல்லா ரொட்டீனுக்கும் அளவீடு போடச் சொன்னேன். அந்தக் காலத்தில் மணி பார்ப்பதற்கே ஒவ்வொரு முறையும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிட வேண்டும். அது எவ்வளவு செலவு என்று நான் யோசிக்கவில்லை. ரிப்போர்ட்டில் முதலிடம், இரண்டு பெயர்களை ஒப்பிடும் ஒரு சின்ன ரொட்டீனுக்கு. அதை எழுதிய பெண்ணைக் கூப்பிட்டு, திருப்பி எழுதச் சொன்னேன். "சார், அது பத்து வரிகூட இல்லையே" என்றாள். ரிப்போர்ட்டைக் காட்டினேன். மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். ராத்திரி வேலை ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அந்த வருட மதிப்பீட்டில் அவளுக்குக் குறைவாகப் போட்டவனும் நான்தான்.

பிறகு ஒரு நாள், வேறு வழியில்லாமல், ஓயாமல் ஓடும் ஐந்தாறு குட்டி ரொட்டீன்களிலிருந்து அளவீட்டை எடுத்துவிட்டு ஓட்டினோம். இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருந்த ஒரு வரி மேலே வந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே ஃபைலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த ரொட்டீன் அது. எழுதியவன் அடியேன்.

"விட்டால் முழுமை போய்விடும்" என்பவர்களுக்கு இரண்டு பதில்கள்.

முதலாவது, விலக்கிய ரொட்டீனின் நேரம் காணாமல் போவதில்லை. அதைக் கூப்பிட்ட ரொட்டீனின் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. கடுகின் நேரம் தாளிப்பில் இருக்கும். தாளிப்பே சந்தேகமாகப் பட்டால் அதை மட்டும் பிரித்து மறுபடி அளக்கலாம்.

இரண்டாவது, உங்கள் முழுமை முதலிலிருந்தே இல்லை. கணக்கெழுதும் ரொட்டீனுக்கே கணக்கெழுதச் சொன்னால் அது தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். அதற்காகவே ஜிசிசி கம்பைலரில் 'நோ இன்ஸ்ட்ருமென்ட் ஃபங்ஷன்' என்ற குறிப்பு இருக்கிறது. ரொட்டீன் பெயர்களையும் ஃபைல் பெயர்களையும் பட்டியலாகக் கொடுத்து விலக்கவும் வழி உண்டு. ஒரேகான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டாவ் என்ற கருவி இன்னும் ஒரு படி மேலே. ஒரு ரொட்டீன் ஒரு லட்சம் முறைக்கு மேல் ஓடி, ஒவ்வொரு முறையும் சராசரி 10 மைக்ரோ விநாடிக்குக் குறைவாகவே எடுத்தால், யாரும் சொல்லாமலே அதை அளப்பதை நிறுத்திவிடுகிறது. கருவி செய்தவர்களுக்குத் தெரிந்தது, அதை வாங்கிப் போடும் நமக்குத் தெரியவில்லை.

அவ்வப்போது எட்டிப் பார்த்து மாதிரி எடுக்கும் சாம்ப்ளிங் முறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் யார் யாரைச் சரியாக எத்தனை முறை கூப்பிட்டார், எந்த வரிசையில் என்று தெரிய வேண்டுமானால் வாசலில் ஆள் வேண்டும். எத்தனை வாசலில் என்பதுதான் கேள்வி.

விலக்குவதில் திருட்டுத்தனம் செய்ய முடியாதா? முடியும். தன் ரொட்டீனைப் பட்டியலில் நைசாகச் சேர்த்துவிட்டுத் தப்பிக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், விலக்கிய பட்டியல் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கூடவே இரண்டு எண்கள்: அளவீடு இல்லாமல் ஓடிய நேரம், அளவீட்டோடு ஓடிய நேரம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ரிப்போர்ட்டைப் படியுங்கள். நாலு நிமிடம் முக்கால் மணியாகியிருந்தால் தூக்கிக் குப்பையில் போடுங்கள். அது உங்கள் புரோகிராமின் கணக்கு இல்லை, கணக்குப்பிள்ளையின் கணக்கு. அதை வைத்து ஒருவருடைய வேலையை எடைபோடுவது பாவம்.

மருமகன் அன்று ராத்திரியே ஏழு ரொட்டீன்களை விலக்கி ஓட்டிப் பார்த்தான். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. டீம் லீட் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம். எனக்கும் அப்போது மூன்று வாரம் பிடித்தது. அந்த மதிப்பீட்டை மட்டும் நான் கடைசிவரை திருத்தவில்லை.