எட்டு ஜெயிச்சவனுக்கு ஆறாவது இடம்!

ஸ்டாக் கார் ரேஸ் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் அதை நடத்தும் அமைப்பின் பெயர் நாஸ்கார். நாம் கிரிக்கெட் பார்ப்பது போல அவர்கள் இதைப் பார்க்கிறார்கள். அதாவது, மைதானத்தில் நடப்பது கொஞ்சம், வெளியே நடக்கும் சண்டை நிறைய!

'ஸ்டாக்' என்றால் வேறொன்றுமில்லை. ஷோரூமில் ஸ்டாக் இருக்கிற கார். ஃபார்முலா ஒன் காரைப் பார்த்தால் கரப்பான்பூச்சிக்கு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். இது அப்படியில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் இறங்குகிற கார் மாதிரி, டாப்பெல்லாம் வைத்து கௌரவமாக இருக்கும். இப்போதைய கார்களில் அந்த உருவம் மட்டும்தான் மிச்சம். உள்ளே எல்லாமே இரும்புக் குழாயும் ரேஸ் இன்ஜினும்தான்.

இதன் ஆரம்பம் சாராயம் என்றால் நம்புவீர்களா? மதுவிலக்கு காலத்தில் அமெரிக்கத் தென்மாநில மலைப்பக்கம் கள்ளச் சாராயம் கடத்தியவர்கள், போலீஸுக்குத் தண்ணி காட்டுவதற்காகச் சாதாரணக் கார்களின் இன்ஜினை முறுக்கேற்றி வைத்திருந்தார்கள். 'உன் கார் வேகமா, என் கார் வேகமா' என்று லீவு நாட்களில் அவர்களுக்குள் பந்தயம் வந்தது. பில் ஃபிரான்ஸ் என்பவர் 1948-ல் எல்லோரையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவந்து நாஸ்காரை ஆரம்பித்தார். மலை, சாராயம், போலீஸ் மூன்றும் நம்ம பக்கமும் இருந்ததுதான். ஆனால் நம்மவர்கள் சரக்கை லாரி ட்யூபில் அடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்கள். உலகம் ஒரு விளையாட்டை இழந்தது!

தர்மபுரியில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் ஆபீஸில் ஒரு ஜூனியர் அசிஸ்டென்ட் தம்பி பார்க்கிறான். செல்போனில் ஹைலைட்ஸ். பதினொரு மணி டீக்கு இறங்கினால் அவன்தான் நியூஸ் ரீடர். கேட்பவர்கள், ரிட்டயர்மென்ட்டை நெருங்கிக்கொண்டிருக்கும் சூப்பரின்டென்டென்ட், சர்க்கரை இல்லாத டீ குடிக்கும் கேஷியர், பிறகு டீ மாஸ்டர். மாஸ்டர் முன்பு பெங்களூர் - சேலம் லைனில் லாரி ஓட்டியவர். அதனால் வண்டி விஷயத்தில் அவர் சொல்வதற்கு அப்பீல் கிடையாது.

தம்பி ஆரம்பித்து வைத்த முதல் கேஸ் 2003-ம் வருஷத்துக் கேஸ்.

"சார், ரயன் நியூமன்னு ஒருத்தர். அந்த வருஷம் எட்டு ரேஸ் ஜெயிச்சார். மாட் கென்செத்னு இன்னொருத்தர். ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு. சாம்பியன் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?"

"எட்டு ஜெயிச்சவன்தான்" என்றார் கேஷியர்.

"கென்செத் சார்! எட்டு ஜெயிச்சவருக்கு ஆறாவது இடம்!"

கேஷியர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "இது என்ன கணக்குப்பா? ஆடிட்டர் விடுவானா?"

கணக்கு இதுதான். சீசனில் 36 ரேஸ். ஒவ்வொன்றிலும் வந்த இடத்துக்கு ஏற்பப் புள்ளி. நியூமன் ஜெயித்தால் ஜெயிப்பார், இல்லாவிட்டால் காரை உடைத்துக்கொண்டு கடைசியில் நிற்பார். கென்செத் வாரா வாரம் முன்வரிசையிலேயே வந்துகொண்டிருந்தார். சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து குடம் நிரம்பிவிட்டது.

சூப்பரின்டென்டென்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கரெக்ட்தானே? தினமும் பத்து மணிக்கு வந்து கையெழுத்து போடறவனுக்கு மரியாதை உண்டா இல்லியா? ஒரு நாள் வந்து பத்து ஃபைலைத் தள்ளிட்டு ஒன்பது நாள் லீவு போடறவனுக்கா புரமோஷன்?"

"அப்ப திறமைக்கு என்ன சார் மதிப்பு?" என்றான் தம்பி. அவன் டிபார்ட்மென்ட் பரீட்சை எல்லாம் பாஸ் செய்துவிட்டு சீனியாரிட்டி லிஸ்டில் பதினேழாவதாக உட்கார்ந்திருப்பவன். பேச்சு அமெரிக்காவிலிருந்து எங்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டது எல்லோருக்கும் புரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை.

அமெரிக்க ரசிகர்களும் இதே இரண்டு கட்சிதான். ஆகவே 2004-ல் நாஸ்கார் சட்டத்தை மாற்றியது. கடைசி பத்து ரேஸை மட்டும் தனியாகப் பிரித்து, முன்னணியில் இருப்பவர்களின் புள்ளிகளைக் கிட்டத்தட்ட சமமாக்கி, 'இனி ஓடுங்கள்' என்றது. பேர் சேஸ். அதுவும் போதாதென்று 2014-ல் இன்னும் கடுமையாக்கினார்கள். பதினாறு பேர் பன்னிரண்டாகி, எட்டாகி, நாலாகி, கடைசி ரேஸில் அந்த நாலு பேரில் யார் முன்னால் வருகிறாரோ அவரே சாம்பியன். வருஷம் பூராவும் படித்ததெல்லாம் வீண், கடைசிப் பரீட்சை மட்டும்தான் மார்க் என்கிற மாதிரி.

அதன் விளைவு 2025 நவம்பரில் ஃபீனிக்ஸில் தெரிந்தது. டென்னி ஹாம்லின் என்பவர் அதுவரை இருபது வருஷமாக ஓட்டியிருந்தார், அறுபது ரேஸ் ஜெயித்திருந்தார், சாம்பியன் பட்டம் மட்டும் ஒன்றுகூடக் கிடைத்திருக்கவில்லை. அன்றைக்குப் பெரும்பாலான லாப்கள் அவர்தான் முதலில். இன்னும் மூன்றே லாப். அப்போது வேறொருவரின் டயர் போய் மஞ்சள் கொடி விழுந்தது. எல்லோரும் பிட்டுக்குள் நுழைந்தார்கள். ஹாம்லின் நாலு டயர் மாற்றினார், கைல் லார்சன் இரண்டு. அந்த இரண்டு டயர் மாற்றும் நேரத்தில் பட்டம் கைமாறிவிட்டது. அன்று ஒரு லாப் கூட முதலில் ஓடாத லார்சன் சாம்பியன்!

"இது அக்கிரமம்பா" என்றார் சூப்பரின்டென்டென்ட். அவருக்கு ஹாம்லினை முன்பின் தெரியாது. ஆனால் இருபது வருஷ சர்வீஸ் என்று கேட்டதும் அவருடைய குரல் கம்மியதை நான் கவனித்தேன்.

ரசிகர்கள் சும்மா விடவில்லை. கடைசியில் 2026 சீசனுக்கு நாஸ்கார் பழைய சேஸ் முறைக்கே திரும்பியது. பத்து ரேஸ், மொத்தப் புள்ளி, அவ்வளவுதான். ஒரு நாள் கூத்து ஒழிந்தது. இருபத்திரண்டு வருஷம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறார்கள். வட்டமாகவே ஓடுகிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்!

நமக்கும் இதில் பங்கு உண்டு. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்ததே ஒரு சட்ட மாற்றத்தால்தான். அந்த வருஷம் ரேஸ் நடுவே டயர் மாற்றக்கூடாது என்று விதி. இண்டியானாபோலிஸ் டிராக்கின் சாய்வான வளைவை மிச்செலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்ததும், அந்த டயர் போட்ட பதினாலு கார்களும் ஒரு சுற்று வந்து ஒதுங்கிவிட்டன. மிச்சம் ஆறே கார். நரேன் நாலாவது. ஐந்து புள்ளி. "ஆறு பேர்ல நாலாவதா?" என்று சிரிக்காதீர்கள். பந்தி நடக்கிற அன்று இலை போட்டு உட்கார்ந்தவனுக்குத்தான் சாப்பாடு. ஒரு இந்தியர் ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்தது அதுதான் முதல் தடவை.

அதே நரேன் 2010-ல் நாஸ்காரின் டிரக் பந்தயத்துக்குப் போனார். டிரக் என்றால் நம்ம லாரி இல்லை, பிக்கப் வண்டி. முதல் ரேஸ் மார்ட்டின்ஸ்வில் டிராக்கில், பதிமூன்றாவது இடம். ஒரு சில ரேஸ்தான் ஓட்டினார். ஆனால் அந்த வருஷம் அந்தப் பிரிவில் ரசிகர்களின் ஓட்டில் 'மிகப் பிரபலமான டிரைவர்' அவர்தான். ஓட்டுப் போடுவது என்றால் நம்மை மிஞ்ச ஆள் உண்டா?

பகை என்று வந்தாலும் நரேன் சளைத்தவரில்லை. 2012 மலேசியா ரேஸில் அவர் காரோடு உரசி உலக சாம்பியன் வெட்டலுக்கு டயர் போய்விட்டது. வெட்டல் கோபத்தில் ஜெர்மன்காரர்கள் பாணியில் 'வெள்ளரிக்காய்' என்று திட்டினார். அந்த ஊரில் வண்டி ஓட்டத் தெரியாதவனை அப்படித்தான் சொல்வார்களாம். நடுவர்களும் நரேனுக்குத்தான் அபராதம் போட்டார்கள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்கள். வெட்டல் அதை மட்டும்தான் விட்டுவைத்தார்!

இரண்டாவது கேஸ் அதே மார்ட்டின்ஸ்வில். முழுச் சுற்றே ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான குட்டி டிராக். 2022 அக்டோபர் 30. ராஸ் சாஸ்டெய்ன் என்பவருக்கும் நம்ம ஹாம்லினுக்கும் அந்த வருஷம் பூரா தகராறு. கடைசி லாப். சாஸ்டெய்ன் இரண்டு பேரைத் தாண்டினால்தான் இறுதிச் சுற்று. தாண்ட இடமே இல்லை. மனிதர் ஐந்தாவது கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காரைக் கொண்டுபோய் வெளிச்சுவரோடு சாய்த்துவிட்டார். வளைவில் மற்றவர்கள் பிரேக் அடிக்க, இவர் சுவரை உரசிக்கொண்டே தீப்பொறி பறக்க ஐந்து பேரைத் தாண்டினார். அதில் ஒருவர் ஹாம்லின். சாஸ்டெய்ன் உள்ளே, ஹாம்லின் வெளியே. எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, சின்ன வயதில் வீடியோ கேமில் என்றார்.

தம்பி போனை நீட்டி இதைக் காட்டினான். கேஷியர் விசில் அடித்தார். டீ மாஸ்டர் மட்டும் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு தம்பி?"

"ஜனங்கதாண்ணா. வேலிக்குப் பின்னால."

"சுவரு பிச்சுக்கிட்டிருந்தா?"

தம்பியிடம் பதில் இல்லை. நாஸ்காரிடம் இருந்தது. 2023 சீசனுக்கு முன்பே, இனி யாராவது இப்படிச் செய்தால் தண்டனை என்று அறிவித்துவிட்டது. 'வீரத்தைக் கொன்றுவிட்டார்கள்' என்று ரசிகர்களில் ஒரு கட்சி இன்றைக்கும் புலம்புகிறது.

இந்தப் புலம்பல் புதிதில்லை. 1987-ல் டல்லடேகா டிராக்கில் பில் எலியட் மணிக்கு 342 கிலோமீட்டர் வேகம் தொட்டார். அதே டிராக்கில் அந்த வருஷமே பாபி ஆலிசனின் கார் டயர் வெடித்துப் பறந்து, ரசிகர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்து வேலியைக் கிழித்தது. மறுவருஷம் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்க நாலு ஓட்டை போட்ட ஒரு தகட்டை மாட்டச் சொன்னார்கள். நம்ம பஸ், லாரிகளுக்கு 80 கிலோமீட்டரில் பூட்டுப் போடும் ஸ்பீடு கவர்னருக்கு அது அண்ணன் முறை. டிரைவர்கள் திட்டினார்கள். ரசிகர்கள் திட்டினார்கள். தகடு முப்பது வருஷம் இருந்தது.

2001 பிப்ரவரி 18. ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட், டேடோனாவில் கடைசி லாப்பில் சுவரில் மோதி இறந்தார். பார்ப்பதற்குப் பெரிய விபத்தாகக்கூடத் தெரியவில்லை. மண்டையோட்டின் அடிப்பாகம் முறிந்திருந்தது. தலையைத் தோளோடு பிடித்துக்கொள்ளும் கருவி அப்போதே இருந்தது. அவர் போட்டிருக்கவில்லை. அந்த வருஷமே அது கட்டாயமானது. அடுத்த வருஷத்திலிருந்து மோதலைத் தாங்கிக்கொள்ளும் மெத்தைச் சுவர்கள் வந்தன. அதற்குப் பிறகு அந்த முதல்தரப் பந்தயத்தில் ஒரு டிரைவர்கூடச் சாகவில்லை.

டீ மாஸ்டர் அப்போது சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

"தொப்பூர்ல இறங்கறப்போ டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விடுவானுங்க சார். இன்ஜின் பிடிமானம் போயிடும். எல்லா வெயிட்டும் பிரேக் மேலதான். நாலு வளைவு தாண்டினா பிரேக் சூடாகிக் கைவிட்டுடும். அப்புறம் சாமி விட்ட வழி. மிச்சமாகிறது ரெண்டு லிட்டர் டீசல்."

2020 டிசம்பர் 12-ம் தேதியை தர்மபுரிக்காரர்கள் மறக்கமாட்டார்கள். தொப்பூர் கணவாயில் வரிசையாக நின்ற கார்கள் மேல் ஒரு சிமென்ட் லாரி ஏறியது. நாலு பேர் போய்விட்டார்கள். அந்த நாலு பேரும் யாரோடும் பந்தயம் கட்டவில்லை.

தம்பி தினமும் அந்தப் பக்கமிருந்துதான் பைக்கில் வருகிறான். ஹெல்மெட் இருக்கிறது. பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக்கொண்டு வருவான், டாங்குக்குத் தலையில் அடிபடாமல் இருக்க! அன்று மாஸ்டர் பேசி முடித்ததும் அவன் ஹெல்மெட்டை ஒரு தரம் பார்த்தான். மாஸ்டர் அவனைப் பார்த்தார். வேறு ஒன்றும் பேச்சில்லை.

என் கட்சி எது என்று கேட்கிறீர்களா? சட்டத்தில் இரண்டு ஜாதி. யாருக்குப் பட்டம், யாருக்குப் புரமோஷன் என்பது ஒன்று. அதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நடுவில் மாற்றினால் அது சட்டமில்லை, சூது. யார் உயிரோடு வீட்டுக்குப் போவது என்பது இன்னொன்று. அதை நடு சீசனில் மாற்றலாம், நடுராத்திரியில் மாற்றலாம், திட்டுவாங்கிக்கொண்டும் மாற்றலாம். நியூமனா கென்செத்தா என்று இன்னும் இருபது வருஷம் அடித்துக்கொள்வோம், தப்பில்லை. அடித்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும் அல்லவா?

தொப்பூரில் புள்ளி கிடையாது, கோப்பை கிடையாது, மஞ்சள் கொடி காட்டவும் ஆள் கிடையாது. லாரியை செகண்ட் கியரில் இறக்கிக்கொண்டு பத்து நிமிஷம் லேட்டாக வீட்டுக்குப் போய், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று திட்டு வாங்குகிறார் பாருங்கள் ஒருவர்... அவர்தான் அன்றைய சாம்பியன்!