எங்க ஊரா, நம்ம ஊரா?

போன மாதம் மகள் காலேஜ் லைப்ரரியிலிருந்து ஒரு ஆங்கில நாடகப் புத்தகம் கொண்டுவந்தாள். இந்த வருடம் அவர்கள் குழு அதைத்தான் மேடையில் போடப்போகிறதாம். தார்ன்டன் வைல்டர் எழுதிய 'அவர் டவுன்'. (தமிழில் எழுதினால் யாரோ ஒரு 'அவரு'டைய டவுன் மாதிரி இருக்கிறது. என்ன செய்ய!) நான் பி.காம். ஆங்கில இலக்கியத்தைப் பாஸ் மார்க்குக்காக மட்டும் படித்தவன். சின்னப் புத்தகமாக இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் எடுத்தேன். முடித்துவிட்டு இரண்டு நாள் ஒரு மாதிரியாகவே இருந்தேன்.

நாக்பூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் உண்டு. வத்தக்குழம்பு மாதிரி புத்தகமும் வீடு வீடாகப் போகும். இதுவும் போனது. திரும்பி வந்தபோது ஆளுக்கொரு அபிப்பிராயமும் கூடவே வந்தது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

கதை தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் குரோவர்ஸ் கார்னர்ஸ் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். முதல் அங்கம் 1901-ல் ஒரு சாதாரண நாள். பால்காரர் வருகிறார், பையன் பேப்பர் போடுகிறான், இரண்டு வீட்டு அம்மாக்கள் அடுப்பில் நிற்கிறார்கள். இரண்டாவது அங்கம் 1904. பக்கத்து வீட்டு ஜார்ஜுக்கும் எமிலிக்கும் கல்யாணம். மூன்றாவது அங்கம் 1913, கல்லறைத் தோட்டம். இரண்டாவது பிரசவத்தில் எமிலி இறந்துபோய், ஏற்கெனவே இறந்த ஊர்க்காரர்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. மேடையில் சீன் கிடையாது. இரண்டு மேஜை, கொஞ்சம் நாற்காலி, இரண்டு ஏணி. ஸ்டேஜ் மேனேஜர் என்று ஒருவர் வந்து நம்மைப் பார்த்தே பேசிக் கதையை நடத்திக்கொண்டு போவார்.

இனி அபிப்பிராயங்கள்.

கீழ் வீட்டு அண்ணாச்சி, ரயில்வேயில் ரிடையர் ஆனவர். "தம்பி, இதுல என்னதான்யா நடக்குது? ஒண்ணுமே நடக்கலையே! அந்த அஞ்சே முக்கால் பாஸ்டன் வண்டி மட்டும் டயத்துக்கு வருது. அது ஒண்ணுதான் எனக்குப் பிடிச்சுது" என்றார்.

மேல் வீட்டு ஐ.டி. தம்பிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "என்ன அழகான காலம் சார்! கதவைப் பூட்டாம தூங்கியிருக்காங்க. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நாமதான் இப்படி ஃபிளாட்ல வந்து மாட்டிக்கிட்டோம்."

தங்கமணி மூன்றாவது அங்கத்தின் பாதியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். "இதைப் போய் சின்னப் பிள்ளைங்க நடிக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு ராத்திரி ஊருக்கு இரண்டு தடவை போன் போனது.

மகளின் கோபம் வேறு. "அப்பா, பொம்பளைங்க முழு நாடகமும் சமைச்சுக்கிட்டே இருக்காங்க. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போலந்துக்காரங்க இருக்காங்கன்னு ஒரு வரில சொல்லிட்டுப் போயிடறாரு. அவங்கள்ல ஒருத்தர்கூட மேடைக்கு வரலை. இது யாரோட ஊரு?"

இந்த நாலு பேரும் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. 1938-ல் நாடகம் முதலில் மேடையேறியதிலிருந்து ஜனங்கள் இதையேதான் சொல்லி வருகிறார்கள். பாஸ்டனில் எடுபடாமல், சொன்ன நாட்களைக் குறைத்துக்கொண்டு நியூயார்க்குக்குக் கிளம்பினார்கள். அதே வருடம் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் நாடகத்தைப் பார்த்துவிட்டு, மனதை உருக்கிச் சோர வைத்துவிட்டது என்ற ரீதியில் பத்திரிகையில் எழுதினார். 1940-ல் சினிமாவாக எடுத்தபோது எமிலியைச் சாகவிடாமல் எல்லாவற்றையும் கனவாக்கிவிட்டார்கள். (நம் ஊர் தயாரிப்பாளர்கள் மட்டும்தான் அப்படிச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன் :-) வைல்டரும் அதற்குச் சம்மதித்தார் என்பதுதான் ஆச்சரியம்.) 1946-ல் பெர்லினில் ரஷ்யர்கள் கையிலிருந்த பகுதியில் இந்த நாடகத்தைத் தடுத்தார்கள். ஏற்கெனவே போரில் நொந்துபோயிருக்கும் ஜெர்மானியர்கள் இதைப் பார்த்தால் தற்கொலை செய்துகொள்வார்கள் என்று காரணம் சொன்னார்களாம்.

ஒரே நாடகத்தைச் சிலர் ஜீரா சொட்டும் இனிப்பு என்கிறார்கள், சிலர் விஷம் என்கிறார்கள். எப்படி? இங்கேதான் என் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேல் வீட்டுத் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலம், அந்த ஊர் என்று ஏங்குவதற்காக எழுதிய நாடகம் இல்லை இது. அந்த ஏக்கத்தைப் பிடித்து உலுக்குகிற நாடகம்.

மூன்றாவது அங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன எமிலிக்குத் தன் வாழ்க்கையில் ஒரு நாளுக்குத் திரும்பிப் போக ஆசை. வேண்டாம் என்கிறார்கள் மற்றவர்கள். போயே தீருவேன் என்றால் முக்கியமில்லாத ஒரு நாளாகப் பார்த்துப் போ என்கிறார் மாமியார். தன் பன்னிரண்டாவது பிறந்த நாளுக்குப் போகிறாள், 1899 பிப்ரவரி. வீடு அப்படியே இருக்கிறது. அம்மா அடுப்பில் நிற்கிறாள். அவ்வளவு சின்ன வயசு அம்மா. தம்பி வாலி பின்னாளில் குடல்வால் வெடித்துச் சாகப்போவது எமிலிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. தன்னை ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்க்கச் சொல்லித் தவிக்கிறாள். அம்மாவோ சாப்பாடு, பரிசு, ஸ்கூல் என்று பாசமாகத்தான் பேசுகிறாள், ஆனால் கை வேலையை விட்டுக் கண் எடுக்கவில்லை. எமிலியால் தாங்க முடியவில்லை. கல்லறைக்கே திரும்பிப் போய்விடுகிறாள்.

கவனியுங்கள். இந்த ஜனங்கள் ஊரை விட்டு வந்தவர்கள் இல்லை. டிரான்ஸ்ஃபர் இல்லை, வெயிட்டிங் லிஸ்ட் இல்லை. அப்பா, அம்மா, மாமனார், மாமியார் எல்லாரும் கூப்பிடு தூரத்தில். கதவு பூட்டாத ஊர். அப்படி இருந்தும் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை என்கிறார் வைல்டர். அப்படியென்றால் ஊரில் இருந்திருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும் என்று நாம் இருபது வருடமாகப் பாடுகிற பாட்டு என்ன ஆவது?

இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நமக்கென்று இருந்த ஒரே சாக்கையும் பிடுங்கிக்கொள்கிறாரே மனுஷன்!

வைல்டரும் அந்த மாதிரி ஊரில் வளர்ந்தவர் இல்லை. அப்பா சீனாவில் அமெரிக்கத் தூதரக அதிகாரி. பையனுக்குக் கொஞ்ச காலம் சீனாவில் மிஷன் பள்ளிக்கூடம், பிறகு கலிஃபோர்னியா என்று அலைச்சல். இந்த நாடகம் மேடையேறியபோது வயது நாற்பது. ஊர் ஊராக மாறிய குடும்பத்தில் வளர்ந்த ஒருவர் எழுதிய ஊர் அது. அதனால்தானோ என்னவோ, அந்த ஊரில் ஓர் ஆளும் அதிகம் புகழப்படவில்லை.

பேங்க்காரன் கண்ணுக்குப் பட்டது இன்னொன்று. முதல் அங்கத்தில் ஒரு புரொஃபசர் ஊர் ஜனத்தொகை 2,640 என்கிறார். ஸ்டேஜ் மேனேஜர் அவர் காதில் ஏதோ சொல்ல, 2,642 என்று திருத்துகிறார். அன்று விடிகாலையில்தான் ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது. அந்த வீடு எங்கே? மகள் கோபப்பட்டாளே, அதே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அவர்கள் மேடைக்கு வரவில்லை என்பது உண்மை, மகள் சொன்ன குறை நியாயம்தான். ஆனால் கணக்கில் விடவில்லை. எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அடுத்தது 350 டாலர். ஜார்ஜின் அம்மா மிஸஸ் கிப்ஸ் வீட்டில் பாட்டி காலத்து மர அலமாரி ஒன்று. பாஸ்டனிலிருந்து வந்த பழைய சாமான் வியாபாரி அதற்கு 350 டாலர் தருகிறேன் என்கிறான். அந்தப் பணத்தில் ஒரே ஒரு தடவை பாரிஸைப் பார்த்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. வேறு பாஷை பேசுகிற ஊரைச் சாவதற்குள் பார்க்க வேண்டுமாம். கணவர் டாக்டர். பாரிஸைப் பார்த்தால் அப்புறம் நம் ஊர் பிடிக்காமல் போய்விடும் என்று தட்டிக்கழிக்கிறார். அவர் மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய போர்க்களங்களைப் பார்க்கப் போய் வருகிறார்!

மூன்றாவது அங்கத்தில் எமிலி வந்து மாமியாரிடம் சந்தோஷமாகச் சொல்கிறாள்: நீங்கள் விட்டுப்போன 350 டாலரில்தான் பண்ணையில் மாடுகளுக்கு நீளமாக சிமெண்டுத் தொட்டி கட்டினோம். பாரிஸைப் பற்றி யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவும் சொல்லிக்காட்டவில்லை. அவர் போன தூரப் பயணம் என்று நாடகத்தில் வருவது ஒன்றுதான். ஒஹையோவில் இன்ஷூரன்ஸ்காரரைக் கட்டிக்கொண்டு போன மகள் வீட்டுக்குப் போனது. அங்கேயே நிமோனியாவில் இறந்து, உடலாகத்தான் ஊர் திரும்பினார்.

வெளியூரில் பிள்ளைகளோடு வந்திருக்கும் அப்பா அம்மாவை நினைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள்.

இறந்தவர் கணக்கை முடிக்க வருகிற நாமினிகளை இருபது வருடமாகக் கவுண்டரில் பார்க்கிறேன். வயதான அம்மாக்கள் பெயரில் சின்னச் சின்ன டெபாசிட்டுகள், நாலு முறை ஐந்து முறை ரினியூவல் ஆகியிருக்கும். எதற்காகச் சேர்த்தார் என்று எந்த ஃபாரத்திலும் கேள்வி இல்லை. பிள்ளைகளைக் கேட்டாலும் தெரியாது. "ஏதோ அவங்க செலவுக்கு" என்பார்கள். செலவு செய்யவே இல்லையே!

என் அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, சங்கரன்கோவிலில் இருக்கிறார். காசிக்குப் போக வேண்டும் என்று போஸ்ட் ஆபீசில் ஆர்.டி. போட்டவர். அடுத்த எல்.எஃப்.சி.யில் நானே கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். எல்.எஃப்.சி.யைப் பயணம் போகாமல் காசாக்கிக்கொள்ள பேங்கில் வழி உண்டு. இரண்டு தடவை காசாக்கிவிட்டேன். ஒரு தடவை ஃபிளாட்டுக்கு முன்பணம், ஒரு தடவை மகள் காலேஜ் ஃபீஸ். இரண்டுமே சரியான செலவுதான், யாரும் குறை சொல்ல முடியாது. சிமெண்டுத் தொட்டியும் சரியான செலவுதானே?

இதில் தூரத்தின் மேல் பழி போட முடியாது. நாக்பூரிலிருந்து காசி, ஊரிலிருந்து போவதைவிடக் கிட்டம். ஞாயிறுதோறும் போன் பேசுகிறேன். "மாத்திரை போட்டீங்களா? வெயில் எப்படி?" அவ்வளவோடு முடிந்துவிடும். மிஸஸ் கிப்ஸ் வீட்டுப் பேச்சு இதைவிட மோசமில்லை.

கடைசியாக மகளின் கேள்விக்கு வருகிறேன். இது யாரோட ஊரு? கலிஃபோர்னியாவில் காம்ப்டன் என்ற ஊரில், பல வருடமாக நாடகமே போடாத ஒரு பள்ளிக்கூடத்தில் இதைப் போட்டார்கள். கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள். கைச்சண்டைக்கும் துப்பாக்கிக்கும் பெயர்போன இடம். முதலில் அந்தப் பிள்ளைகளும் இது வெள்ளைக்காரர்கள் கதை, எங்களுக்கென்ன என்றார்கள். போகப் போகத் தங்கள் தெரு, தங்கள் பேச்சு, தங்கள் சாவுகளை எல்லாம் அதற்குள் கொண்டுவந்தார்கள். அது 2002-ல் ஆவணப்படமாகவும் வந்தது. நாடகத்துக்கு சீன் இல்லாததன் லாபம் அது. யார் வீட்டையும் உள்ளே வைக்கலாம்.

ஆங்கிலத்தில் 'அவர்' என்று ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. தமிழில் நாம் முடிவு பண்ணியாக வேண்டும், எங்க ஊரா, நம்ம ஊரா? ஸ்டேஜ் மேனேஜர் முதல் அங்கத்தில் பேசுவது எனக்கு 'எங்க ஊர்' என்றுதான் கேட்டது, விருந்தாளிக்குச் சுற்றிக் காட்டுகிற மாதிரி. கல்லறைக் காட்சியில் 'நம்ம ஊர்' என்று கேட்டது.

மகளின் குழு டிசம்பரில் போடுகிறார்கள். அவளுக்கு எமிலியின் அம்மா வேஷம், அடுப்படியேதான் :-). எல்.எஃப்.சி. அப்ளிகேஷனை நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன், இந்த முறை காசாக்கவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "முட்டி வலிக்கிறதுய்யா, இனிமே எங்க நடக்க?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பொதிகையில வந்து மெட்ராஸ்ல மாறணுமோ?" என்று கேட்டார்.

படித்தவர்கள், மேடையில் பார்த்தவர்கள் இருந்தால் உங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். அண்ணாச்சி மாதிரி "ஒண்ணுமே நடக்கலை" என்று சொன்னாலும் பரவாயில்லை.