விற்றவர் எங்கே?

“குடிப்பவன் பாடு அவனுக்கு” என்றிருக்கும் மேலப்பாளையத்துச் சகோதரர்களே! இஷாத் தொழுது அதே சாலையைக் கடப்போர் நாமல்லவா?

குடித்து வாகனம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி முதல் குற்றத்திற்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 188-ஆம் பிரிவு உடந்தையானவருக்கும் அதே தண்டனை என்கிறது. 2022 முதல் உடன் அமர்ந்து சென்றவரையும் அதில் பிடிக்கிறார்கள். மெத்தச் சரி. ஊற்றிக் கொடுத்தவர்?

2003 முதல் டாஸ்மாக் வழியே சில்லறையாக விற்பது அரசே. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அவ்வழக்கில் கடைகளுக்காக மேல்முறையீடு செய்தது தமிழக அரசுதான்! 2017 ஜூலையில் அத்தடை நகராட்சி எல்லைகளுக்குப் பொருந்தாதென்றாயிற்று. நெல்லை மாநகரும் தப்பியது.

மது தொடர்பாகப் பெருமானார் (ஸல்) சபித்த பதின்மரில் அருந்துபவர் ஒருவரே. விற்பவரும் அதன் விலையை உண்பவரும் அவருடன் நிற்கின்றனர். ‘உடந்தை’ என்ற சொல்லை அந்தக் கல்லாப்பெட்டி வரை நீட்டி வாதிட, நெல்லை வழக்கறிஞர் ஒருவரேனும் முன்வரட்டும்.