நீடிய சாந்தம் யாருக்கு?

என் அக்காவின் வலது கையில் மாவுக்கட்டு போட்டிருந்த வாரத்தில் எங்கள் சபைக் குருவானவர் வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். அவர் வேதாகமத்தைத் திறக்கவில்லை. அவருக்கு எல்லாம் மனப்பாடம். "கர்த்தர் நீடிய சாந்தமுள்ளவர்மா. நம்மளை எவ்வளவு பொறுத்துக்கிறார்! நீயும் கொஞ்சம் பொறுத்துக்கோ. மாப்பிள்ளைக்காக ஜெபம் பண்ணு" என்றார்.

அக்கா கேட்டாள்: "அந்தச் சாந்தத்தை அவர்ட்டயும் சொன்னீங்களா ஐயா?"

"அவர் குடும்பத்துக்குத் தலைவர்மா. தலைவர்னா கோபம் வரத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஜெபித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அக்காவைக் கட்டோடு புருஷன் வீட்டுக்கு அனுப்பினோம். அனுப்பியதில் எனக்கும் பங்குண்டு. பஸ் ஸ்டாண்டு வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான்.

அன்று எங்கள் முன்னறையில் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. ஒரே கடவுளின் குணங்களை எடுத்து இரண்டு பங்காக்கினார்கள். பொறுமையும் மன்னிப்பும் தாழ்மையும் மனைவிக்கு. அதிகாரமும் கோபமும் தீர்ப்பும் கணவனுக்கு. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று இங்கே நான் வாதாட வரவில்லை. என் குற்றச்சாட்டு வேறு. கடவுளைப் பற்றித் திருச்சபை தானே கற்பித்ததை, பெண் முன்னால் வந்து நிற்கும்போது தானே மீறுகிறது.

ஓய்வுநாள் பள்ளியில் படித்த எவருக்கும் அந்தப் பட்டியல் தெரியும். சர்வ வல்லவர், சர்வ ஞானி, எங்கும் நிறைந்தவர், மாறாதவர், பரிசுத்தர், நீதியுள்ளவர், இரக்கமுள்ளவர், நீடிய சாந்தமுள்ளவர். இந்தக் குணாதிசயங்களைத் தனித்தனியாகப் பிய்க்க முடியாது என்பது கிறிஸ்தவ இறையியலின் பழைய பாடம். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அதை விரிவாக எழுதினார். கடவுளில் பாகங்கள் இல்லை. அவருடைய அன்பு வேறு, நீதி வேறு என்று இரண்டு சாமான்கள் அவரிடம் இல்லை. அவர் இரங்கும்போதும் நீதியுள்ளவராகவே இரங்குகிறார். அப்படியென்றால் நீதியை எடுத்துவிட்டுப் பொறுமையை மட்டும் ஒரு பெண்ணின் மடியில் வைப்பவர், கடவுளின் குணத்தைப் போதிக்கவில்லை. தன் வசதிக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்திருக்கிறார்.

சீர்திருத்த மரபு இறையியலாளர்கள் இன்னொரு பிரிவினை செய்வார்கள். தானாகவே இருப்பது, மாறாதிருப்பது, எல்லையற்றிருப்பது ஆகியவை கடவுளுக்கு மட்டுமே உரியவை, மனிதருக்குப் பகிரப்படாதவை. அன்பு, நீதி, இரக்கம், பொறுமை ஆகியவை மனிதரும் தங்கள் அளவில் பெற்றுக்கொள்ளக்கூடியவை. இந்தப் பாடத்தை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். எவருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டாத, எல்லையில்லாத அதிகாரம் எந்த மனிதருக்கும் பகிரப்படவில்லை. 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஒரு ஆண் கேட்பது அதைத்தான். சிலை வணக்கம் என்று நம் பிரசங்கிகள் எதையெல்லாமோ கைகாட்டுகிறார்கள். மனிதனைக் கடவுளின் இடத்தில் உட்கார வைப்பது அதற்குள் வராதா?

உடனே எபேசியர் 5-ஆம் அதிகாரத்தைத் திறப்பார்கள். மனைவி எல்லாவற்றிலும் கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. அதை நான் பூசி மெழுகப்போவதில்லை. ஆனால் அதற்கு முந்தைய வசனம் எல்லோரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதைப் பற்றிப் பேசுகிறது. கணவனுக்குக் கிறிஸ்துவை மாதிரியாகக் காட்டும்போது, தன்னையே ஒப்புக்கொடுத்த கிறிஸ்துவைத்தான் காட்டுகிறது. அடுத்த அதிகாரத்தில் அடிமைகள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் இருக்கிறது. அதைக் காட்டி இன்று எந்தப் போதகராவது அடிமை முறையை ஆதரித்துப் பிரசங்கம் செய்வாரா? அந்தக் காலத்துக்கு எழுதியது என்று எளிதாகக் கடந்துவிடுவார். அடிமைக்குக் கிடைத்த அந்த விளக்கம் மனைவிக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

இப்போது அந்த 'நீடிய சாந்தம்' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். யாத்திராகமம் 34-ஆம் அதிகாரத்தில் கடவுள் மோசேக்கு முன்னால் தன் குணத்தைத் தானே அறிவிக்கிறார். பழைய ஏற்பாட்டில் பின்னால் வரும் பல நூல்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளும் பகுதி அது. இரக்கம், கிருபை, நீடிய சாந்தம், சத்தியம், மன்னிப்பு என்று அடுக்கிக்கொண்டே போய், அதே மூச்சில் குற்றவாளியை அப்படியே விட்டுவிட மாட்டேன் என்றும் சொல்லிவிடுகிறார். அக்காவுக்குச் சொல்லப்பட்டது இதில் பாதி. மீதிப் பாதியை ஐயா காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

சொன்ன பாதியையும் சரியான ஆளிடம் சொல்லவில்லை. நீடிய சாந்தம் என்று நாம் மொழிபெயர்த்திருப்பதற்கு எபிரேய மூலத்தில் நேர்ப்பொருள் 'நீண்ட மூக்கு'. கோபம் மூக்கில் சூடாக ஏறுவதாக அந்த மொழி நினைத்தது. மூக்கு நீளமாக இருந்தால் கோபம் வந்து சேர நேரமாகும். நமக்கு இது அந்நியமான கற்பனை இல்லை. 'மூக்குக்கு மேல் கோபம்' என்று நாமும் சொல்கிறோமே. ஆக அந்தச் சொல்லின் பொருள், அடியைத் தாங்கிக்கொள்வது அல்ல. கோபப்படத் தாமதிப்பது. எங்கள் வீட்டுக் கதையில் கோபப்படத் தாமதிக்க வேண்டியிருந்தவர் யார்? கை உடைந்தவளா, உடைத்தவனா? அந்தக் குணத்தைப் போதிக்க வேண்டிய வீட்டுக்கு ஐயா போகவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கடவுளின் பொறுமை, அடிக்கும் வல்லமை உள்ளவரின் பொறுமை. தண்டிக்க முடிந்தவர் தாமதிக்கிறார். தவறு செய்தவர் திருந்த நேரம் கொடுக்கிறார். கையில் காசு இல்லாமல், திரும்பிப் போக வீடு இல்லாமல், ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்துகொண்டு அடி வாங்குகிறவளின் நிலைக்குப் பெயர் பொறுமை அல்ல. அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். மாட்டிக்கொண்டிருப்பதைத் தெய்வீகக் குணம் என்று அழைப்பது அவளையும் ஏமாற்றுகிறது, கடவுளையும் அவமதிக்கிறது.

இந்தப் பிரசங்கம் முன்னறையோடு நிற்கவில்லை. சட்டப் புத்தகத்திலும் ஏறி உட்கார்ந்திருந்தது. 1869-ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, மனைவி பிறனோடு உறவு கொண்டாள் என்று நிரூபித்தாலே கிறிஸ்தவக் கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவிக்கு அது போதாது. கணவனின் பிறன்மனை உறவோடு கொடுமையையோ, கைவிட்டுப் போனதையோ, அதுபோன்ற இன்னொரு குற்றத்தையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறும் அடி உதைக்குப் பிரிந்து வாழ அனுமதி கேட்கலாம், திருமணம் முறியாது. கிறிஸ்தவப் பெண்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2001-இல்தான் கொடுமை மட்டுமே போதுமான காரணம் என்று சட்டம் திருத்தப்பட்டது. நீடிய சாந்தத்தை 132 ஆண்டுகள் சட்டம் போட்டு எங்களிடம் வசூலித்திருக்கிறார்கள்.

ஏன் இந்தப் பாகப்பிரிவினை இவ்வளவு இயல்பாகத் தெரிகிறது? கடவுளை ஆணாகவே பார்த்துப் பழகிவிட்டோம். தகப்பன், ராஜா, எஜமான், சேனைகளின் கர்த்தர். கடவுள் ஆணாக இருந்தால் ஆண் கடவுளாகிவிடுவான் என்று மேரி டேலி 1973-இல் எச்சரித்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே கடவுள் ஆணுமல்ல, பெண்ணுமல்ல என்று கற்பிக்கிறது. ஆனால் பெண்கள் ஏன் குருவாகக் கூடாது என்று விளக்கிய 1976-ஆம் ஆண்டு வத்திக்கான் ஆவணம், பலிபீடத்தில் நிற்பவர் கிறிஸ்துவுக்கு இயற்கையான சாயல் உள்ளவராக, அதாவது ஆணாக இருக்க வேண்டும் என்றது. பாடப் புத்தகத்தில் பாலினம் இல்லாத கடவுள், பீடத்தில் மட்டும் ஆணாகிவிடுகிறார்.

தமிழ் நமக்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தது. ஆங்கிலத்தில் கடவுளைச் சுட்ட ஆண்பால் பிரதிப்பெயர் வந்து நிற்கும். தமிழில் 'அவர்' என்கிறோம். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு எடுத்துக்கொண்ட 'கடவுள்' என்ற சொல்லிலும் ஆண் விகுதி இல்லை. அப்படியும் 'தேவன்', 'ராஜாதி ராஜா' என்று ஆண்பாலைத் தேடிப் பிடித்துக்கொண்டோம்.

வேதாகமத்தில் வேறு முகங்கள் இல்லாமல் இல்லை. இரக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல், கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ஏசாயாவில் கடவுள் பால் கொடுக்கும் தாயைவிட மறதியற்றவராகவும், பிள்ளையைத் தேற்றும் தாயாகவும் வருகிறார். லூக்கா 15-இல் இயேசு மூன்று கதை சொல்கிறார். ஆட்டைத் தேடும் மேய்ப்பன், மகனுக்குக் காத்திருக்கும் தகப்பன், இடையில் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தொலைந்த காசைத் தேடும் பெண். மூன்றும் கடவுளின் படங்கள். மேய்ப்பனின் படம் எங்கள் ஆலயச் சன்னலில் கண்ணாடியில் நிற்கிறது. துடைப்பம் பிடித்த கடவுளை எந்தச் சன்னலிலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் கடவுளை 'அம்மா' என்று அழைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அம்மா என்றாலே சகிப்பவள் என்று சொல்லிச் சொல்லித்தானே நம் அம்மாக்களைத் தேய்த்தார்கள். எனக்கு வேண்டியது ஏசாயா 42-இல் இருக்கும் பெண். நெடுங்காலம் பேசாமல் அடக்கிக்கொண்டிருந்த கடவுள், இனி பிரசவ வலியில் கத்தும் பெண்ணைப் போலக் கத்துவேன் என்கிறார். வேதாகமத்தின்படி மௌனமும் சாந்தமும் ஒரு நாள் முடியும். முடியும்போது வரும் சத்தம் பெண்ணின் சத்தம்.

கடவுளுக்குப் பெயர் வைத்த பெண்ணும் அதே புத்தகத்தில் இருக்கிறாள். ஆதியாகமம் 16-இல் சாராயின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிய எகிப்திய அடிமை ஆகார், கருவுற்றிருந்தவள், தன்னைக் காண்கிற தேவன் என்று அவருக்குப் பெயரிடுகிறாள். அந்தக் கதையிலும் திரும்பிப் போய் அடங்கியிரு என்ற கட்டளை இருக்கிறது. கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993-இல் எழுதிய நூலில் அதை மறைக்காமல் எதிர்கொண்டார். ஆகாருக்கு அங்கே விடுதலை கிடைக்கவில்லை, பிழைத்திருக்க வழி கிடைத்தது என்றார். நாமும் மறைக்க வேண்டாம். ஆனால் அடிபட்டவளைக் காண்பது கடவுளின் குணம் என்று அடிபட்டவளே சாட்சி சொல்லியிருக்கும்போது, கட்டுப்போட்ட கையைக் காணாமல் ஜெபிக்கக் கண்ணை மூடுகிறவர் யாருடைய ஊழியர்?

தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் முதல் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013-இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். நல்லது. ஆனால் அங்கி போட்டவர் பெண்ணாக இருந்து, பிரசங்கம் பழையதாகவே இருந்தால் எங்கள் முன்னறையில் எதுவும் மாறாது. எனவே நான் கேட்பவை சின்ன விஷயங்கள். திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை வகுப்பில் நீடிய சாந்தத்தை மாப்பிள்ளைக்குப் போதியுங்கள், அதன் உண்மையான பொருளோடு. அடிபட்ட பெண் உங்களிடம் வந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, 181 என்ற உதவி எண் இருக்கிறது என்று சொல்லுங்கள். அடித்தவன் தான் செய்ததை ஒப்புக்கொள்ளும் முன் மன்னிப்பைப் பற்றி அவளிடம் வாய் திறக்காதீர்கள்.

அக்கா மூன்று வருடம் கழித்து, இரண்டு பிள்ளைகளோடு, ஒரு ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். இந்த முறை பையை நான் வீட்டுக்குள் தூக்கி வந்தேன். சபைக்குப் புதிதாக வந்திருந்த குருவானவரும் சமாதானம் பேச வந்தார். "காப்பி குடிச்சிட்டுப் போங்க ஐயா. அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்" என்றாள். கொடுமை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வழக்குப் போட்டாள், விவாகரத்து வாங்கினாள். இன்றும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறாள், நான் போவதில்லை. ஆராதனை முடிந்ததும் இளம் பெண்கள் இரண்டு மூன்று பேர் அவளிடம் தனியாகப் பேச நிற்பார்களாம். அவர்களிடம் யாத்திராகமம் 34-ஐ முழுசாக வாசிக்கச் சொல்கிறாளாம்.