'தாங்குற ஒடம்பு' என்னும் பொய்

'ஒழச்ச ஒடம்பு, எல்லாம் தாங்கும்.' சேரிக்காரர்களைப் பார்த்துச் சொல்லப்படும் இந்த வார்த்தையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பூரித்துப் போகிறவர்கள் நம்மிலும் உண்டு. நான் இதைத் தீண்டாமை என்கிறேன். வைத்தியம் மறுக்கப்படுவதற்கு இந்தச் சாதிச் சமூகம் கண்டுபிடித்திருக்கும் மிக நாசூக்கான காரணம் இது.

எங்கம்மா நாப்பது வருஷம் சேத்துல குனிஞ்சி நாத்து நட்டவ. இடுப்பும் முட்டியும் விட்டுப்போச்சு. ஓ.பி. சீட்டு வாங்கி மூணு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனால், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே 'எங்க வலி?' என்பார் டாக்டர். ஒருநாளும் முட்டியைத் தொட்டுப் பார்த்ததில்லை. 'ராத்திரியில தூக்கமே இல்ல சாமி' என்று இவள் சொன்னால், 'வேல செய்யற ஒடம்புதான, தாங்கும் போ' என்று பத்து மாத்திரை. அதிகம் போனால் 'ரெஸ்ட் எடு' என்பார். ரெஸ்ட் எடுத்தால் அன்றைய கூலியை யார் தருவது? அதை அவர் சீட்டில் எழுதுவதில்லை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020-ல் தன் வரையறையைத் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியது. எக்ஸ்ரேயில் தெரியாவிட்டாலும் வலி வலிதான். ஆக, நோயாளியின் சொல்லை நம்புவதே மருத்துவ அறத்தின் முதல் படி. ஆனால் யாருடைய சொல் நம்பப்படும் என்பதை இங்கே சாதிதானே தீர்மானிக்கிறது?

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. 1840-களில் அமெரிக்காவில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அனார்கா, லூசி, பெட்சி என்ற கறுப்பின அடிமைப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுத்தார். மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று அவருக்குச் சிலை வைத்தார்கள். நியூயார்க்கில் இருந்த சிலையை அகற்ற 2018 வரை ஆனது. கறுப்பர்களுக்குத் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நம்பியதை வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு 2016-ல் காட்டியது. அப்படி நம்பியவர்கள் கறுப்பரின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். அங்கே தடித்த தோல், இங்கே ஒழச்ச ஒடம்பு.

வலியை நம்பாத இதே சமூகம், வேலை நின்றுவிடும் என்றால் மட்டும் உடனே நம்பிவிடுகிறது. தமிழகத்து ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலியென்று சொன்ன பெண்களுக்குப் பேரே போடாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டு வந்தது. எதற்கு மாத்திரை? மிஷினை விட்டு அவள் எழுந்திரிக்கக் கூடாது, அதற்கு. இதற்குப் பேர் பராமரிப்பா? மாட்டுக்குத் தார்க்குச்சி, மனுஷிக்கு மாத்திரை! வலி மாத்திரையை வருஷக்கணக்கில் முழுங்கினால் வயிறு புண்ணாகும், கிட்னி கெடும். அந்தக் கணக்கு முதலாளியின் பேரேட்டில் வராது.

வேறு வழி இல்லாமலில்லை. கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண மையத்திலிருந்து கேரளம் முழுக்க ஓர் இயக்கமே வளர்ந்தது. அக்கம்பக்கத்து ஜனங்களே தொண்டர்களாகி நோயாளியின் வீடு தேடிப் போனார்கள். தமிழக அரசும் 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று இயன்முறைச் சிகிச்சையையும் வலி தணிப்பையும் வீட்டுக்கே கொண்டுபோகும் திட்டத்தைத் தொடங்கியது. நல்லது. நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அது ஊர்த்தெருவோடு நின்றுவிடுகிறதா, சேரிக்குள் வந்து நம் பாட்டியின் முட்டியைக் கையால் தொட்டுப் பிடித்துவிடுகிறதா?

நம் எழுத்தாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மாக்களை இரும்பென்றும் பாறையென்றும் எழுதியது போதும். இரும்புக்கு எவன் மருந்து கொடுப்பான்? நோகும் உடம்பு என்று எழுதுங்கள். வலிக்குது என்று சொல்வதில் மானக்கேடு ஒன்றுமில்லை. வலியில்லாமல் தூங்குவதும் உரிமைதான். கூலியைப்போல, நிலத்தைப்போல அதையும் கேட்டு வாங்குவோம்.